அறுபது இலக்கம்

ஒக்டோபர் 6, திங்கள்
தூறல். முழங்கால் எண்ணெய் முடிந்தது.
செய்திச் செயலியில் சட்டத்தரணி மாலினியின் பெயருக்குக் கீழ் ஒரு வரி: பாதுகாப்பு எண் மாறியுள்ளது. மூன்று தரம் வாசித்தேன்.
அவவுக்கு அனுப்ப இருப்பவை: இறால் பண்ணைக்காரர் எல்லைக்கல்லை வாவிக்குள் நகர்த்தும் படங்கள் 14, என் அளவைக் குறிப்பு, படம் எடுத்த மீன்காரி ராசாத்தியின் பெயர். நேற்றும் கேட்டாள்: "ஐயா, என்ட பேர் அவங்கட கைக்குப் போகாதே?"

7, செவ்வாய்
வெயில். எண்ணெய் மறந்தேன்.
பாதுகாப்பு எண் என்பது இரண்டு போன்களின் இரகசியத் திறப்புகளும் சேர்ந்து தரும் எண், அறுபது இலக்கம். இரு பக்கமும் ஒன்றானால் நடுவில் ஆள் இல்லை. முழுவதையும் எழுதி அதே செயலியில் மா.வுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "சரி சேர், ஒத்துப்போகுது. படங்களை அனுப்புங்க."
அனுப்பப் போய், நிறுத்தினேன். நில அளவையாளனாக இருந்தபோது எனக்கு அளவுச் சங்கிலி பிடித்த கந்தப்பன் ஞாபகம். நான் எதை வாசித்தாலும் "சரி ஐயா". அப்படி ஒருவரின் அரை ஏக்கர் அடுத்தவருக்குப் போனது. அதன்பின் எப்போதும் அவன் முதலில் சொல்வான், நான் பிறகு. இன்று விடையை நானே கொடுத்துவிட்டுச் சரியா என்று கேட்டிருக்கிறேன். முட்டாள்தனம்.
மா.வுக்குப் போன் எடுத்தேன். அணைந்திருக்கிறது.
கிழவனின் வீண் பயமோ? இருக்கலாம். நாளை நேரில்.

8, புதன்
காலையின் முதல் பாதைப் படகில் வாவி கடந்து, பஸ். படங்கள் உள்ள மெமரி கார்ட் வீட்டில், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். பாதையில் பண்ணை ஆட்களும் ஏறுவார்கள். ஓட்டி: "என்ன சேர், அயன் பண்ணின சேட்டு? பொம்பிள பாக்கவா?" பல்லுக்கு என்றேன்.
மா.: "வெள்ளிக்கிழமையில இருந்து என்ட சிம் செத்துக் கிடக்கு, சேர். ஒரு மெசேஜும் வரல்ல."
நேற்றைய 'சரி'யைக் காட்டினேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா.
"இது நானில்ல. என்ட நம்பரை ஆரோ தங்கட சிம்முக்கு மாத்தியிருக்கிறாங்க."
பண்ணைக்காரருக்கு என் பெயர் தெரியும். ராசாத்தியின் பெயர் தெரியாது.
புதிய சிம். புதிய பாதுகாப்பு எண். "வாசிங்க சேர்." "இல்ல மகள், நீங்க முதல்." ஐந்தைந்தாக, அவ ஒன்று, நான் ஒன்று. மூன்றாவதில் வரி தவறினேன். மறுபடி முதலிலிருந்து. "கோட்டில கூட இவ்வளவு குறுக்கு விசாரணை இல்ல." பன்னிரண்டு தொகுதியும் சரி.

9, வியாழன்
மழை. காலை 8.10க்கு எல்லாம் அனுப்பியாயிற்று.
ராசாத்தி, கூடையோடு படலையில். "பல்லுப் புடுங்கினியளாம்?"
"இல்ல. உன்ட பேர் ஒரு ஆளுக்குத்தான் போயிருக்கு. முகம் பாத்துச் சரி பாத்தன்."
தராசில் மீனை நிறுத்தபடி: "நாளைக்கும் கல்லு நகத்துறாங்க. எடுக்கட்டா?"
"எடு" என்றேன்.