லாரிப் பலகை விறகும் நல்லம்மாளின் சமையலறை ஜன்னலும்

சங்ககிரி,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசுவதெல்லாம் ஸ்பீக்கரில் போகிறது, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியக்கூடாத ஒன்று இதில் இருக்கிறது. அது கடைசியில் வரும். முதலில் விறகு.

உங்கள் புது வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, விறகை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டாய். மேட்டூர் அனல் மின் நிலையத்து ஆய்வகத்தில் வேலைக்காலம் முழுக்க நிலக்கரியில் ஈரம் பார்த்தவன் என்ற நம்பிக்கையில் கேட்டிருக்கிறாய். கரி எனக்குத் தெரியும், விறகு தெரியுமா என்பது எனக்கே சந்தேகம். ஆனாலும் சொல்கிறேன். எடை போட்டு விற்கிற இடத்தில் மழை விட்ட மறுநாள் வாங்காதே, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவள் ஆவாய். இரண்டு கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டிப் பார், காய்ந்தது டணார் என்னும், ஈரமானது பொத்தென்னும். மண்ணில் படாமல் செங்கல் மேல் அடுக்கு, காற்றுப் போக இடம் விடு, சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மறைப்பு வை. இந்தக் கடைசி யோசனையில்தான் எனக்கு வினை வந்தது, அதனால் மறைப்பு வைக்கும்போது எதிரில் யார் வீட்டு ஜன்னல் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்.

சமையலுக்கு எரிவாயு இருந்தாலும் குளிக்கத் தண்ணீர் விறகில் காய்ந்தால்தான் முழங்கால் வலி கேட்கும் என்பது அம்மாவின் கட்சி. புளிய விறகு விற்கிற விலையைப் பார்த்துப் பயந்துபோய், பழைய லாரி பாடிகளைப் பிரிக்கிற பச்சமுத்துவின் பட்டறைக்குப் போனேன். அங்கே தளப்பலகைகளைப் பாதி விலைக்கும் கீழே கொடுக்கிறார்கள். நல்ல கெட்டி மரம். காய்ந்திருக்குமா என்று தயங்கிக் கேட்டேன். "இமயமலை வரைக்கும் போயி வெயிலும் பனியும் பாத்துட்டு வந்த மரமுங்க சார், உங்க அடுப்புக்குன்னு இன்னும் என்னத்தைக் காயோணும்" என்றார். அதைக் கேட்டதும் வாங்கிவிட்டேன். மினி லாரியில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அடியில் பாதி, பெயின்ட் அடித்த பக்கப் பலகைகள். பெயின்ட் புகை உடம்புக்கு ஆகாது, எரிக்கக் கூடாது என்றேன் நான். அங்காளம்மன் துணை என்றும் யார் வீட்டுப் பிள்ளைகள் பேரோ என்றும் எழுதியிருக்கிறது, அதையெல்லாம் அடுப்பில் வைப்பதாவது என்றாள் அம்மா. காரணம் வேறானாலும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தது எனக்கே ஆச்சரியம். பெயின்ட்டில் தண்ணீர் நிற்காது என்பதால் அந்தப் பலகைகளைப் பெயின்ட் வெளிப்பக்கம் தெரிய, புறக்கடையில் அடுக்கிய விறகுக்குச் சாரல் அடிக்கும் பக்கம் மறைப்பாக நிறுத்தினேன். எல்லாவற்றிலும் அகலமானது லாரியின் பின்பலகை, அதை முன்னால் வைத்தேன். அதில் மஞ்சள் எழுத்தில் கொட்டையாக எழுதியிருந்தது: என்னைப் பார்த்து எரியாதே. எதிரே குட்டை மதில், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு நல்லம்மாளின் சமையலறை ஜன்னல்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தின நாள்தான் உன் புது வீட்டுப் போட்டோவை அம்மா நல்லம்மாளிடம் ஒரு அறை விடாமல் காட்டியிருந்தாள். நல்லம்மாளின் மகன் பூபதி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்து நட்டப்பட்டதும் அவனுக்குப் பெண் அமையாமல் தள்ளிப்போவதும் உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் இப்படி ஒரு வாசகம். அவள் என்ன நினைப்பாள்? அன்றோடு இரண்டு பேரும் சேர்ந்து பால் சொசைட்டிக்குப் போவது நின்றது. அம்மா முழங்கால் வலி என்றாள். பழக்கத்தில் நல்லம்மாளுக்கும் சேர்த்துக் காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கவிழ்ப்பதைப் பார்த்தேன். நீ போன பிறகு அவள் மனம் விட்டுப் பேச இருப்பது நல்லம்மாள் ஒருத்திதான். என்னிடம் பேசலாம், ஆனால் நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

பலகையைத் திருப்பிவிடுகிறேன் என்றேன். "இப்பத் திருப்புனா அவளுக்குன்னே வெச்சோம்னு ஆயிருமுங்க, கம்முன்னு இருங்க" என்று தடுத்துவிட்டாள். யோசித்தால் அதுவும் நியாயம்தான். சரி, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு நல்லம்மாள் வாசலுக்குப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, கரண்ட் இருக்குங்களா என்று கேட்டு வைத்தேன். அவள் நம் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "உங்க ஊட்டுல லைட்டு நல்லாத்தானுங்கண்ணா எரியுது, எங்க ஊட்டுலதான் எரியுதான்னு பாக்க வந்தீங்களாக்கும்" என்றாள். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பற்றவைக்கத் தென்னை மட்டை வாங்கி, அந்தப் பலகை மேல் சாய்த்து வைத்தேன். மறுநாள் காலையில் அம்மா புறக்கடையில் அடுப்பு மூட்ட உட்கார்ந்தாள். தீப்பெட்டியில் பாதி தீர்ந்தும் புகைதான் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னையும் பச்சமுத்துவையும் சேர்த்து வைதுகொண்டிருந்தபோது, அத்தனை நாளாகச் சாத்தியே கிடந்த ஜன்னல் திறந்தது. "ஏனக்கா, எரியாதேன்னு அண்ணன் விறகு மேலயே எழுதி வெச்சிருக்காரு, அப்புறமும் எதுக்கு ஊதிட்டுக் கெடக்கறீங்க" என்றாள் நல்லம்மாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். மட்டை மறைத்தது போக அந்த ஒரு வார்த்தைதான் தெரிந்தது. "படிச்ச மனுசன் வாங்கியாந்த லட்சணம் அது" என்றாள் அம்மா. அவள் சிரிக்க, இவள் சிரிக்க, இருமலும் சிரிப்புமாக அன்று வெந்நீரே காயவில்லை. நல்லம்மாள் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு குடம் வெந்நீர் மதில் மேல் வந்தது. அம்மாவின் முழங்கால் வலியும் போய்விட்டது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். எந்த மட்டை எங்கே சாய்ந்தால் எந்த எழுத்து மறையும் என்று மதில் ஓரம் நின்று பார்த்துப் பார்த்துச் சாய்த்தவன் நான். மழையில் நனைந்த கட்டையாகப் பொறுக்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தவனும் நான்தான். இது சரிப்படுமா என்று கடைசி வரை எனக்கு நிச்சயம் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே சாமி. தினமும் காலையில் என் புத்தியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் பாலுக்குப் போகிறார்கள். எனக்கு விவரம் உண்டு என்று தெரிந்தால் பாவம், வழியில் பேச வேறு என்ன இருக்கிறது அவர்களுக்கு.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசி. படுக்கும் முன் அடுப்புத் தணிந்துவிட்டதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார். அடுத்த முறை பேசும்போது, நல்ல விறகாகப் பார்த்து வாங்கத் தெரியாதா என்று அம்மா காது கேட்க என்னை நாலு வார்த்தை திட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
பெ. கண்ணுசாமி