மதாம் ஜெர்மேனுக்கு நான் சொன்ன ‘இல்லை’

லா சப்பல், பரிஸ்
17.01.2018, புதன்

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. கல்கரியில் நீயும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை, இந்த முறை அதைக் கேள்வியாகத்தான் எழுத முடிகிறது. தலை இடிக்கிறதா குஞ்சு? வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறதா? டெலிபோனில் இரண்டு தரம் கேட்கப் பார்த்தேன், வாயைத் திறந்தால் பகிடிதான் வருகிறது, நீயும் பிரெஞ்சில் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்தவர்கள், பிழை பிடிக்காதே. சனிக்கிழமைகளில் நீ அழுதழுது படித்த தமிழ் இன்றைக்காவது உதவட்டும்.

பொங்கலன்று பின்னேரம், பனித்தரையில் கல்லை வழுக்கவிட்டு முன்னால் கூட்டிக்கொண்டு ஓடும் உன் கேர்லிங் ஆட்டம் பார்க்க இரண்டு பேரும் போனைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு இருந்தோம். அம்மா வழக்கம்போலத் தொடங்கினாள், இருபது வருஷம் நான் கந்தோர் கந்தோராய் மேசைக்குக் கீழை கூட்டினது இவள் தும்புத்தடி பிடிக்கக் கூடாதெண்டு, இவள் பிளேன் ஏறிப்போய் பனியைக் கூட்டுறாள் எண்டு. நான் அம்மாவுக்குச் சொன்னேன், உனக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை எண்டு எரிச்சல் எண்டு. சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ அந்த வழுக்குச் சப்பாத்துக் காலை மாற்றி வைத்தாய். மல்லாக்க விழுந்தாய். பின்மண்டை பனியில் பட்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது, போனில் சத்தத்தை அம்மா ஏற்கெனவே நிறுத்திவைத்திருந்தும் கேட்டது. நீ எழும்பிச் சிரித்து, அடுத்த கல்லையும் விட்டாய். இருபது கிலோக் கல்லை அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னைக் கொஞ்சம் நிறுத்தத் தெரியவில்லை.

இனிச் சொல்லப்போவதை இருந்துகொண்டு வாசி. திங்கட்கிழமை உங்கள் அணி டாக்டர் மதாம் ஜெர்மேன் எனக்குப் போன் எடுத்தா. சின்ன வயதில் தலையில் அடிபட்டதா என்று உன்னைக் கேட்டதாகவும், அப்பாவைக் கேளுங்கள் என்று நீ என் நம்பரைக் கொடுத்ததாகவும் சொன்னா. நான் ‘நோன்’, இல்லை, என்றேன். ஒருக்காலும் இல்லையா என்று திரும்பக் கேட்டா, ‘ஜமே’, ஒருக்காலும் இல்லை, என்றேன், நன்றியும் சொன்னேன். அது பொய். உனக்கு நாலு வயதில், செவ்ரான் தொடர்மாடியில் இருந்தபோது, லிஃப்ட் பழுதென்று உன்னை நடத்திக் கூட்டி இறங்கினேன். சாவியை எடுக்க உன் கையை விட்டேன், ஒரு நிமிஷம்கூட இல்லை, நீ பன்னிரண்டு படி உருண்டாய். ஐந்து மணித்தியாலம் கண் திறக்கவில்லை. இனித் தலையில் அடிபடாமல் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் விட்டார்கள். அம்மா அழுதாள், இஞ்சாருங்கோ, பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கதை வரும், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு. காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத இடம் கொப்புளிப்பான் அம்மைத் தழும்பு என்று சொல்லி வளர்த்தோம். அது தையல் போட்ட இடம்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். எண்பத்தொன்பதில் வந்து அகதி விசாரணைக்குப் போகமுன் கூட இருந்த அண்ணைமார் சொல்லித் தந்தது ஒன்றுதான், இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் பேசாமலிரு தவம் தம்பி, ஓமெண்டு சொன்னால் ஒன்பது கேள்வி வரும் எண்டு. அன்றிலிருந்து கந்தோர்க் குரல் கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமலே ‘நோன்’ சொல்லும். நேற்றுக் கடையில் பிலோமினா அக்காவைக் கண்டேன், ஆஸ்பத்திரியில் வேலைசெய்து பென்சன் எடுத்த பாண்டிச்சேரி அக்கா. நீ விழுந்த படத்தைக் காட்டினேன். இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அடிபட்டிருக்காப்பா என்றா. இல்லையக்கா என்றேன், அங்கேயும். அப்ப பரவால்ல, பட்ட தலையில திரும்பப் பட்டாதான் பயம் என்றா. வாங்கின கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஆடினால்தான் உலகப் போட்டிக்கு உன் பெயர் போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரத்தொன்பதில் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லாரும் தெருவில் நின்று கத்தி அழுத நாளில் பார்க்க ஆளில்லாமல் பள்ளிக்கூடத்தோடு பனித்தரைக்கு விளையாடப் போன பிள்ளை நீ, அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிரித்தது நீ ஒருத்திதான். அதை என் கையால் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ அந்தப் பனியில் காலை வைப்பதை நினைத்தாலே படியில் விட்ட இந்தக் கை உன் கையைத் தேடுகிறது.

அம்மா சொல்கிறாள், பிள்ளை கோபிப்பாள் எண்டு. கோபி. ஒரு வருஷம் என்னோடு கதைக்காதே. கோபிக்கிறதுக்கும் தலை நல்லாயிருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தொப்பி போடு, பிள்ளையார் உன் நெற்றியில் கை வைத்திருக்கட்டும். மறக்காதே, மதாம் ஜெர்மேனுக்குப் படியில் விழுந்ததை முதலில் நீயே சொல், தலை உன்னுடையது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் அவவுக்குப் போன் எடுப்பேன். றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டு பாடமாக்கி வைத்திருக்கிறேன், ‘மதாம், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்’ என்று. இருபத்தொன்பது வருஷத்தில் இந்த நாட்டில் ஒருவருக்கும் நான் சொல்லாத வசனம், வாய்க்குள் இன்னும் சரியாக வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

உன் கையைப் பிடித்தபடி,
அப்பா
தவரத்தினம்