நாளை இன்சூரன்ஸ்காரர் வருகிறார்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாகவே படிக்கிறேன். தூக்கம்தான் சரியாக வருவதில்லை. இதைப் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் மாமா என்னைப் பள்ளியில் விடும்போது கார் சுவரில் உரசிவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

முன்பே ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டியதற்காக மாமாவுக்குக் கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்கிறது. உங்களிடம் மறைத்துவிட்டார்கள். அது தெரிந்தால் இன்சூரன்ஸ் கட்டணம் பல மடங்காகும் என்று, காரை ஓட்டுவது அத்தைதான் என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளை இன்சூரன்ஸ்காரர் விசாரிக்க வருகிறார்.

"அன்னைக்கு அத்தைதான் ஓட்டினாங்கன்னு சொல்லிடு கண்ணு," என்றார் மாமா.

"நான் ஓட்டியிருந்தா சுவரே மிஞ்சியிருக்காது," என்று அத்தை சிரித்தார். பிறகு சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மை தெரிஞ்சா நயா பைசா தரமாட்டாங்கடி. கேஸும் போடுவாங்க."

அன்று காலையும் மாமாவிடம் வாடை அடித்தது, அப்பா.

இனி பள்ளிக்கு நடந்தே போகலாம் என்றிருக்கிறேன். ஒரு குடையும் நல்ல செருப்பும் அனுப்புங்கள்.

ஹாலில் யாரோ எழுந்துவிட்டார்கள். இது உங்கள் கைக்கு வருவதற்குள் நான் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பேன். எதைச் சொல்லியிருந்தாலும் என்னிடமும் உங்கள் தங்கையிடமும் கோபப்படாதீர்கள்.

உங்கள் மகள்