திங்கட்கிழமை ஏறாதே

அன்பு மகள் ரன்வாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் ஆடுகளும் சுகம். என் உடம்புக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் பேச்சை எடுத்தால் "அம்மா, ஆரம்பிச்சிட்டியா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஓலவுர் நாளை டென்மார்க் வருகிறான், கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கோடையிலிருந்து எனக்குத் தலை சுற்றுவது உனக்குத் தெரியும். தினமும் பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படகில் போய்வருகிறவளுக்குத் தரை ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன், அப்பா வேறு "ரெண்டு நாள் கரையில கிட, நின்னுடும் வாத்தியாரம்மா" என்று கேலி. விடுமுறையில் படகில் காலே வைக்கவில்லை, ஆனாலும் உருளைக்கிழங்கு உரிக்கும்போது சமையலறை ஒரு பக்கமாகச் சரிந்தது. தலையைத் திருப்பினால் குமட்டல், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, கரண்டிச் சத்தம்கூடத் தாங்கவில்லை, சாயங்காலம் வரை விடவில்லை. டாக்டர் காதைப் பார்த்தார், கேட்பதில் குறையில்லை, இரைச்சலும் இல்லை. சின்ன வயதில் ஒற்றைத் தலைவலி உண்டா என்றார், உண்டு என்றேன். "அதே மைக்ரேன்தான், இப்ப தலைசுத்தலா வருது" என்றார். இப்போது தலை வலிக்கவே இல்லையே என்றேன். "வலிச்சே ஆகணும்னு இல்ல. சில நிமிஷத்துல போகும், சில சமயம் ரெண்டு மூணு நாள் படுத்தும்" என்றவர், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, இது வழிவழியாக வரும் என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். கார் மலை வளைவில் திரும்பினாலே நீ வாந்தி எடுத்தது அப்போது ஞாபகம் வரவில்லை.

இன்று சாப்பிடும்போது அப்பா வாயை விட்டார். "ரன்வாவுக்கும் கடல் நடுவுல காற்றாலை உச்சியில வேலை செய்யும்போது எல்லாம் ஆடுச்சாம், ஏணியைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னாளாம், அம்மாகிட்ட சொல்லாதேன்னா" என்று சிரித்தார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். படகு ஆட்டம் காலில் ஒட்டிக்கொண்டது என்று நீயும் சொன்னாயாமே. படகை விட்டு இறங்கி, பாதுகாப்புக் கயிறு மாட்டி, அத்தனை படி ஏறிய பிறகா ஒட்டிக்கொள்ளும்? வெளிச்சம் கூசியதா, குமட்டியதா, முந்தின இரவு தூங்கினாயா, மாதவிடாய் சமயமா? டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல். உனக்கும் இதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, டாக்டரைப் பார்க்காமல் ஏறாதே என்கிறேன்.

காய்ந்த ஆட்டிறைச்சி இந்தத் தடவை அனுப்பவில்லை. நாள்பட்ட இறைச்சி, பழைய சீஸ், சிவப்பு ஒயின் சிலருக்கு இதைக் கிளப்பிவிடுமாம். "இறைச்சி மேலயும் பழியா" என்று அப்பா முனகுகிறார். பட்டினி கிடக்காதே, நேரத்தோடு தூங்கு.

சொன்னால் கோபுர வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதுதான் உன் பயம், எனக்குத் தெரியும். எடுக்கலாம். மருந்து இருக்கிறது, பலருக்கு அடங்குகிறது என்கிறார் டாக்டர், ஆனால் திரும்ப ஏறவிடுவார்களா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பொய் சொல்லி உன்னை இறக்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை உனக்கு ஏறும் முறை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் உன் மேற்பார்வையாளரிடம் நீயே சொல்லிவிட்டு எனக்குப் போன் செய். செய்யாவிட்டால் நான் அவரைக் கூப்பிடுவேன். அசிங்கப்படுத்திவிட்டாய் என்று வருஷக்கணக்கில் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். வாய்க்கு வந்தபடி திட்டு. தரையில் நின்றுகொண்டு திட்டு.

கடவுள் உன் காலடியை உறுதியாக வைக்கட்டும். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
சன்னா