மேட்டில் வரும் சத்தம்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. 'எழுது, விவரமா பதில் போடறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. இந்தக் காலத்தில் புருஷனுக்குத் தபாலில் கடிதம் போடுகிற ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். தபால்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

வீட்டுக்காரர் இந்த இடத்தை இடித்துக் கட்டப் போகிறார். அடுத்த மாத முதல் வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஒரு அடுக்குமாடியில் இரண்டு அறை பார்த்திருக்கிறேன். அங்கே நமது மகாராணியை நிறுத்த இடமில்லை. விற்றுவிடு என்று நீங்களே முன்பு எழுதியிருந்ததால், பழைய கார் மோகம் பிடித்த ஒரு பல் டாக்டரை வரச் சொன்னேன்.

கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பினாள். பாலத்து மேட்டில் ஏறும்போது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். "மேடம், நான் பல்லுதான் பிடுங்குவேன். ஆனா இதுல உள்ள என்னமோ ஆடுதுன்னு எனக்கே தெரியுது" என்றார். மேட்டுக்கு மேலே நிறுத்தித் திரும்பக் கிளப்பியபோது, சூட்டில் ஸ்டார்ட்டர் முக்கி முக்கித்தான் சுற்றியது. சரிசெய்தால் திரும்ப வந்து பார்ப்பாராம்.

இந்தச் சத்தம் புதிதில்லை. நீங்கள் இங்கிருந்த கடைசி இரண்டு வருடமும் நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "ஒண்ணுமில்ல, உனக்குத்தான் அப்படித் தோணுது" என்பீர்கள். டைமிங் முந்திக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்கிறது என்று சந்தேகப்படுகிறேன். எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதுங்கள். உங்களைப் போலக் காதை வைத்துப் பார்க்க எனக்கு நம்பிக்கை போதாது. பற்றுகிற நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற டைமிங் லைட் ஒன்று வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னமும்)


ஜூன் 10

புரொபசர் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லைட் வாங்கினாயா! வக்கீல் வைத்து வாதாடாமல் விட்டாயே, அதுவரைக்கும் சந்தோஷம்.

இங்கே எல்லாம் வழக்கம் போல. அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மின் நிலையத்தின் கூலிங் டவர். ஜெனரேட்டர் அறையில் போன் எடுக்க முடியாது, சத்தம். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட் இடைவெளியைப் பார். அது தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் தப்பும். இடைவெளி அளக்கிற கேஜ் என் பச்சை டப்பாவில் இருக்கிறது. பிறகு இன்ஜினைச் சூடாக்கு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றி, வாயை ஒரு ஸ்க்ரூவால் அடை. லைட்டின் கிளிப்பை முதல் பிளக்கின் வயரில் மாட்டு. கீழே புல்லியில் ஒரு வெட்டு இருக்கும், அதில் சாக்பீஸ் தடவிக்கொள். உனக்குச் சாக்பீஸுக்குப் பஞ்சமிருக்காது. லைட்டை அடித்தால் வெட்டு, பக்கத்திலுள்ள அளவுக் கோடுகளில் எதில் நிற்கிறது என்று தெரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கையால் திருப்புகிற அளவுக்கு மட்டும் தளர்த்து. ஒரு ஆள் திருப்ப வேண்டும், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெண்டு பேர் வேலை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் ஒன்று. டைமிங்கைக் கடைசியாக வைத்தது நான். அது தப்பாக இருக்க வழியில்லை. அந்தப் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியது, வயதானால் நழுவும். அப்போது குறி பொய் சொல்லும். லைட் வேறு மாதிரி காட்டினால் என் காதை நம்பு, லைட்டை நம்பாதே. சத்தத்துக்குக் காரணம் மட்டமான பெட்ரோலாக இருக்கும்.

நம் பெண் வாயாடி எப்படி இருக்கிறாள்? போன வாரம் பேசினாள். நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
நான்தான்


ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் எழுதிய வரிசைப்படியே எல்லாம் செய்தேன். பாயிண்ட் இடைவெளி சரியாக இருந்தது. லைட்டை அடித்தேன். வெட்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இல்லை. முன்னால் வெகுதூரம் போய், கோடுகளையெல்லாம் தாண்டி நின்றது.

நீங்கள் சொன்னபடி குறியைச் சந்தேகப்பட்டேன். முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு நீளப் பெயிண்ட் பிரஷ்ஷின் காம்பை விட்டேன். ஸ்பேனரால் இன்ஜினை மெல்லச் சுற்றினேன். பிஸ்டன் காம்பை மேலே தூக்கிக்கொண்டே வந்தது. அது உச்சியில் நின்ற இடத்தில் குனிந்து புல்லியைப் பார்த்தேன். வெட்டு பூஜ்யத்தில் இருந்தது. மயிரிழைகூட விலகவில்லை. வளையம் நழுவவில்லை. குறி உண்மைதான் சொல்கிறது.

அப்படியானால் தள்ளி வைத்தது நீங்கள்தான்.

நீங்கள் டைமிங் வைக்கிற விதம் எனக்குத் தெரியும். மேட்டில் சத்தம் வருகிற வரை முன்னால் திருப்புவீர்கள், பிறகு அது அடங்குகிற வரை கொஞ்சம் பின்னால் கொண்டுவருவீர்கள். அந்தச் சத்தம் காதில் விழாத ஒருவர் என்ன செய்வார்? திருப்பிக்கொண்டே போவார்.

அன்று சாயங்காலம் வாயாடி கூப்பிட்டாள். "அம்மா, அப்பா எதுக்கெடுத்தாலும் சரி சரிங்கறார். எனக்குக் காய்ச்சல்னேன், ரொம்ப சந்தோஷம்மான்னு வச்சுட்டார்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஷெட்டுக்குப் போய், உங்கள் முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டீர்கள். ஏதாவது சொன்னால் பாதியில் எழுந்து போவீர்கள். சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று உங்கள் அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். ஒரு இன்ஜினை வைத்து ஒரு கல்யாணத்தைப் பற்றி முடிவுக்கு வருவதை என் மாணவர்கள் செய்தால் மதிப்பெண் போட மாட்டேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் அந்த ஊருக்குப் போவதற்கு முந்தின நாள். பானெட்டுக்குள் குனிந்திருந்தீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஷெட் கதவருகே நின்று, "நானும் கூட வரட்டுமா?" என்றேன். நீங்கள் திரும்பாமல் கையை மட்டும் நீட்டி, "அந்த ஸ்பேனரை எடு" என்றீர்கள். எடுத்துக் கொடுத்தேன். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அது உங்கள் காதில் விழவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அதனால் எழுத்தில் வைக்கிறேன். நானும் அங்கே வரட்டுமா? கல்லூரியில் நீண்ட விடுப்புத் தருவார்கள். புது வீட்டுச் சாவியை இன்னும் வாங்கவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

டைமிங்கைப் புத்தகத்தில் உள்ள இடத்துக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டேன். ஒரே ஆளாகவே செய்ய முடிந்தது. சத்தம் போய்விட்டது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் எழுகிறாள். அது ஏன் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 24

புரொபசர் அம்மாவுக்கு,

பிரஷ் காம்பை விட்டுப் பார்த்தது சரியான வழி. எனக்குக்கூட அது தோன்றவில்லை.

காது விஷயம் நீ கண்டுபிடித்ததுதான். இடது பக்கம் அநேகமாக இல்லை. வலது பக்கம் அரைகுறை. இங்கே தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள், அதனால் வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம். வாயாடிக்குக் காய்ச்சல் தேவலையா?

திணறலுக்கு வருகிறேன். வேக்குவம் குழாயை அடைக்கச் சொன்னேனே, அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினாயா? பத்தில் ஒன்பது பேர் அதை மறந்துவிடுவார்கள். மாட்டியும் திணறினால், குழாய் போய்ச் சேருகிற வேக்குவம் கிண்ணத்துக்குள் ரப்பர் கிழிந்திருக்கும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார், காற்று நிற்காமல் வந்தால் கிழிசல். சும்மா நிற்கும்போது இன்ஜினின் வேகம் குறைந்தது போலத் தெரிந்தால் பயப்படாதே, டைமிங் பின்னால் வந்தால் ஐடில் இறங்கத்தான் செய்யும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் போதும்.

பல் டாக்டரிடம் சொல், காலையில் கிளப்பும்போது சோக்கை முழுதாக இழுக்கக் கூடாது, பாதி போதும். கொத்தில் இருக்கிற சின்னச் சாவி பெட்ரோல் மூடிக்கு. இடது பக்கப் பின் கதவை வெளியிலிருந்து சாத்த வேண்டாம், உள்ளேயிருந்து இழுத்தால்தான் விழும். பச்சை டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிடு.

வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்க்ரூ குழாயிலேயேதான் இருந்தது. எடுத்ததும் திணறல் நின்றது. நீங்கள் சொன்ன ஒன்பது பேரில் நானும் ஒருத்தி.

டாக்டர் வந்தார். பாலத்து மேட்டில் சேர்ந்து ஏறினோம். ஒரு சத்தமும் இல்லை. "மேடம், பல்வலி போயிடுச்சு" என்றார். சோக், சின்னச் சாவி, பின் கதவு எல்லாவற்றையும் சொல்லி, பச்சை டப்பாவையும் கொடுத்தேன். மகாராணி தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக ஓடுகிறாள். வாயாடிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பின்பக்கமும் பார்த்தேன். சிரிப்பீர்கள், உறையைக்கூட உதறிப் பார்த்தேன். நான் எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, ஒன்றைத் தவிர. நான் எழுதாத பின் கதவுக்குக்கூட இருக்கிறது.

அன்று ஷெட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் எந்த இன்ஜினும் ஓடவில்லை.

கோபமில்லை. காலையில் போய்ப் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், தபால் ஏதாவது திருப்ப வேண்டியிருந்தால் உதவும். டைமிங் லைட்டை மட்டும் டாக்டரிடம் கொடுக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை.

காதுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாகவே வருகிறதாம். எனக்காகச் சொல்லவில்லை. இனிமேல் யாராவது உங்கள் பின்னால் வந்து நின்று ஏதாவது சொன்னால், அது உங்கள் காதில் விழுந்திருக்காது என்று அவர்கள் வீணாக நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

இப்படிக்கு,
புரொபசர்