லாரியில் வந்த காவிரி

இன்று காலை பக்கத்து மனையில் ஒரு லாரி மணல் கொட்டிவிட்டுப் போனது. மணல் இன்னும் ஈரமாக இருந்தது. தெருமுனையிலிருந்து மனை வரை தண்ணீர் சொட்டிய கோடு. நாணல் வேரும் சேறும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நீ போய்ச் சில வருடங்களாகிவிட்டன. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது என்பதுதான் காரணம்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு நமக்கு. ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். நீ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். நான் திருவேற்காட்டுக்குப் பக்கத்தில், கூவம் கரையில் பிறந்தவன். ஒருநாள் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது எங்கள் ஆற்றைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையாடா ஆறுன்னு சொல்றீங்க? நான் செத்தா என்னை இதுல கரைச்சுடாதீங்கடா. காவிரியில கொண்டுபோய் விடுங்க" என்றாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். என் அப்பா நீந்திக் குளித்த ஆறு அது. இவ்வளவு வருடத்தில் அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை.

காவிரி என்று ஆரம்பித்தால் உனக்கு ஊண் உறக்கம் கிடையாது. கல்லைப் போட்டு அவளை அடக்கியவன்தான் ராஜா ஆனான் என்பாய். அவள் கொடுத்த நெல்லில்தான் கோபுரம் எழுந்தது, வயிறு நிறைந்த பிறகுதான் பாட்டும் பரதமும் வந்தது என்பாய். "நம்ம சரித்திரத்தை எவனும் எழுதலைடா. அவ ஓடின ஓட்டத்துல தானா எழுதிக்கிச்சு." உன்னோடு வாதாடுவேனே தவிர, அது பொய் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

ஆடிப் பதினெட்டு நினைவிருக்கிறதா? காவிரியில்லாத ஊரில் காவிரிக்குப் பூஜை செய்தவர்கள் நீங்கள். குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உங்கள் பக்கத்துப் பெண்கள் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, சித்திரான்னத்தோடு கூடுவார்கள். குழாயை நீ முழுக்கத் திறந்துவிடுவாய். "ஓடணும்டா. ஓடலைன்னா அது ஆறில்லை." தண்ணீர் மண்ணில் வாய்க்கால் கீறி, காதோலையையும் பூவையும் சாக்கடை வரை இழுத்துப் போகும். ஒரு வருடம், குடத்தோடு காத்திருந்த பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல தெருவுல உட்டுகினு கீற?"

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கம்மா, காவிரி போய்க்கிட்டிருக்கா."

"காவேரியா? மோட்டார் போட்டாத்தான் வருது, இது காவேரியா நைனா? குழாய மூடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் கடைசிப் பூ போய்ச் சேரும்வரை குழாயை மூடவில்லை.

ஒரு வைகாசியில், ஷிப்ட் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அஸ்தியை எடுத்துக்கொண்டு உன் மனைவியும் நானும் உன் ஊருக்குப் போனோம். உன் காவிரியில் ஒரு சொட்டு இல்லை. கரைக்குக் கரை மணல், அதில் மாடுகள் படுத்திருந்தன. "மேட்டூர் திறக்கிற வரைக்கும் அஸ்திக் கலயத்தை மரத்துல கட்டி வெச்சிருக்கலாமாண்ணே?" என்று உன் மனைவி என்னிடம் கேட்டாள். ஊரிலேயே இருந்த உன் தம்பிக்குப் பொறுமையில்லை. காரியத்தைத் தள்ளிப்போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றான். ஒரு நாணல் புதரை ஒட்டி அவனே இடம் காட்டினான். மணலைத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் கொஞ்சம் ஊற்றுநீர் கசிந்தது. அதில் உன்னைக் கொட்டி மூடினோம். "தண்ணி வந்தா அண்ணனைத் தானா தூக்கிக்கிட்டுப் போயிடும்" என்றான் தம்பி.

தண்ணீர் வரவில்லை. அந்த ஆடிப் பதினெட்டுக்கு, "ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்ணே" என்று உன் மனைவி கேட்டதால் மறுபடி போனோம். அந்த இடத்தில் நாணல் இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். பள்ளத்துக்குள் லாரிகள். மேலே குடை பிடித்துக்கொண்டு உன் தம்பி. அங்கே மணல் அள்ளப் போவது, இடம் காட்டிய அன்றே அவனுக்குத் தெரியும். உன் மனைவி பள்ளத்தின் விளிம்பில் நின்று, கையிலிருந்த பூவை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த மண்ணு எங்கடா போகுது?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கையை எடுங்கண்ணே. வேற எங்க, உங்க ஊருக்குத்தான். அம்பத்தூர், பூந்தமல்லின்னு வீடாக் கட்டித் தள்றீங்கல்ல? நாங்க அள்ளலைன்னா எதுல பூசுவீங்க?"

அவனை இன்றைக்கும் சபிக்கிறேன். ஆனால் அன்று அவன் சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மேடையில் காவிரி ஓடாத நாள் கிடையாது. அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவன் வீட்டுச் சுவரிலும் அவள்தான் இருக்கிறாள். நீ சொன்ன சரித்திரத்தின் கடைசிப் பக்கம் இதுதான். அவள் பெற்ற பிள்ளைகளே அவளை லாரி லாரியாக விற்றார்கள். உன்னையும் சேர்த்துத்தான்.

இன்று காலையில் மணலருகே நின்ற என்னை மேஸ்திரி பார்த்துவிட்டான். "இன்னா சார், மண்ணையே பாத்துகினு கீற? சுத்தமான காவேரி மண்ணு சார். சலிக்கவே வேணாம்."

வீட்டுக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மணல்மேல் ஊற்றினேன். ஓடும் என்றுதான் ஊற்றினேன். ஒரு விரல் தூரம்கூட ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டது. மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீ இருக்கலாம், எதிலும் இல்லாமலும் இருக்கலாம். எங்கள் கூவத்தில் கரைத்திருந்தால், நாற்றத்தோடாவது கடலுக்குப் போயிருப்பாய். இதை உன்னிடம் நேரில் சொல்லிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. திரும்பி வரும்போது செருப்பெல்லாம் மணல். வாசற்படியில் தட்டக் காலைத் தூக்கினேன். தட்டவில்லை. அப்படியே உள்ளே வந்துவிட்டேன்.