பலாலிக்கு ஒரு மணி நேரம்

பெப். 11, புதன்

காலையில் பனி. ஒன்பதுக்குப் பிறகே வெயில். தரம் 13க்கு நிலப்பட அளவிடைப் பாடம். முடிந்ததும் அதே அட்லஸில் என் சொந்தக் கணக்கு:

திருச்சி–யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம், நேர்கோட்டில் 180 கி.மீ. சொச்சம். விமானத்தில் ஒரு மணி நேரம்.
பலாலி–மாத்தளையில் எங்கள் வீடு, வீதியால் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஏழு மணி நேரம்.

சனிக்கிழமை அக்கா வருகிறாள். எழுதவே தயக்கம். தொண்ணூறில் அத்தானுடன் படகேறித் தமிழ்நாடு போனவள்; எனக்கு அப்போது பதின்மூன்று. பிறகு நேரில் பார்க்கவில்லை. முன்பு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். ஒருமுறை காய்ச்சல். மறுமுறை காரணமே இல்லை. பயம்தான். படகில் ஓர் இரவு முழுக்கத் தத்தளித்தவள்.

பெப். 12, வியாழன்

வாங்க: தலையணை உறை, கம்பளி (திருச்சி உடம்புக்கு இந்தக் குளிர் தாங்காது), நல்ல தேயிலை.

மாலை அக்காவின் அழைப்பு.

"இண்டையிலிருந்து சோறு இல்லை. படகில எல்லாரும் சத்தி எடுத்தவை, தெரியுமே? வயித்தைப் பிரட்டினா மணக்கத் தேசிக்காயும் வேர்க்கொம்பும் முடிஞ்சு வச்சிட்டன்."

"அக்கா, நாளண்டைக்குத்தானே பயணம். அதுவும் ஒரு மணித்தியாலம்."

"விசர்க்கதை கதையாத. அது எவ்வளவு தூரமெண்டு எனக்குத் தெரியாதே?"

புவியியல் பட்டம் என்னிடம். கடலைக் கடந்தவள் அவள்.

இவர்: "வந்தா வரட்டும். வராட்டி நல்லூர் முருகனைக் கும்பிட்டிட்டு வருவம்."

பெப். 13, வெள்ளி

ஜும்மா முடிந்து சாரதி பாரூக் வாடகை வாகனத்தோடு வந்தார். உக்குவளைக்காரர், வாய் ஓயாது.

"பிளேன்ல ஒரு மணித்தியாலமா மிஸ்? நம்ம கண்டிக்குப் போய் வண்டி நிப்பாட்ட எடம் தேடவே அவ்வளவு போகுமே!"

தம்புள்ளையில் தேநீர். இரவு யாழ்ப்பாணத்தில், இவருடைய தங்கை வீட்டில். நல்ல புட்டு. நல்ல தூக்கம், எதிர்பாராமல்.

பெப். 14, சனி

பலாலி. வெயில், காற்று. விமானம் நேரத்துக்கு இறங்கியது.

வருகைக் கதவு வழியே பெட்டிகளோடு ஒரு குடும்பம். இரண்டு மாணவிகள். ஓர் ஐயர். பிறகு யாரும் இல்லை. கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை.

"ஏறியிருக்க மாட்டா," என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும். இவர் என் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. ஒரு விமானப் பணிப்பெண், அவள் கையைப் பற்றியபடி நரைத்த, குள்ளமான ஒருத்தி. அம்மாவின் நடை.

"எல்லாரும் இறங்கிட்டாங்க, நான் எழும்பேல்ல," என்றாள் அக்கா. முதல் பேச்சே அதுதான். "என்னவோ பழுதாக்கும், திருச்சிக்கே திருப்பிக் கொண்டந்திட்டாங்களெண்டு நினைச்சன். பலாலியெண்டு இந்தப் பிள்ளை சொல்லுது, நான் நம்பேல்ல. ரெண்டு தேவாரம்கூட முடியேல்லயடி!"

கட்டிக்கொண்டோம். யார் அழுதது என்று எழுதப்போவதில்லை.

வாகனத்தில் ஏறியதும் கேட்டாள்: "உன்ர வீட்டுக்கு எவ்வளவு நேரம்?"

"ஏழு மணித்தியாலம்."

திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்ப சரி. தூரமெண்டா அவ்வளவாவது வேணும்."